பாட்டில்லாத வண்டி

முதல் நாள் பாட்டு இல்லாமல் வண்டி கிளம்பியபோது, மாமல்லபுரத்தில் ஏறிய எல்லோரும் செட்டு கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தார்கள். கண்டக்டர் ஆபிரகாமும் அதையே சொன்னார்.

"செட்டு ரிப்பேரு. எங்கியோ ஒயர் பூட்ச்சு."

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பன்னீர்செல்வம் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். செங்கல்பட்டில் செல்போன் கடையில் வேலை பார்க்கும் பையன். தினம் அதே வண்டியில் போகிறவன். யாரும் கேட்காமலே டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, பெட்டியைக் கழற்றி, திருக்கழுக்குன்றம் வருவதற்குள் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டான்.

"ஒயர யாரோ புடுங்கி வுட்டுகீறாங்க அண்ணாத்த. எலி கடிச்ச மாதிரி இல்ல. கையால புடுங்கன மாதிரி கீது."

அவனே சேர்த்தும் வைத்தான். ஆறு ஸ்பீக்கரும் ஒன்றாக அலறின. பின்சீட்டிலிருந்து சிலர் கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜாய்ஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்ட ஆரம்பித்தாள்.

ஒயரைப் பிடுங்கியது ஆபிரகாம்தான். ஜாய்ஸ் அவருடைய மகள்.

*

ஜாய்ஸுக்கு இருபத்திரண்டு வயது. அவளுக்கு இருப்பது ஆட்டிசம் என்று ஒரு டாக்டர் பெயர் சொன்னபோது பதினேழு. அதுவரை பூஞ்சேரிப் பக்கம் ஆபிரகாமின் தெருவில் அவளுக்கு வேறு பல பெயர்கள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டார்கள். சபையில் ஸ்பீக்கர் வைத்து ஆராதனை தொடங்கியதும் எழுந்து ஓடுவாள். ஆவி பிடித்திருக்கிறது என்று எண்ணெய் வைத்து ஜெபித்தார்கள். அந்த எண்ணெயின் வாசனை பிடிக்காமல் இன்னும் வேகமாக ஓடினாள். கடைசியில் அவளுடைய அம்மா ரெபேக்காள், கடற்கரை விடுதி ஒன்றில் துணி வெளுக்கும் வேலைக்குப் போகிறவள், மகளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகக் கற்றுக்கொண்டாள். பூட்டிய வீட்டில் ஜாய்ஸ் அழவில்லை. பூட்டாமல் போனால்தான் தெருவில் யாராவது வந்து எதையாவது சொல்லி அழவைத்தார்கள்.

செங்கல்பட்டில் ஒரு பயிற்சி மையம் இருக்கிறதென்று யாரோ சொல்லி, ஆபிரகாம் ஒரு வார விடுமுறை நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். வாடகை வீட்டு மாடியில் இரண்டு அறை. பத்துப் பன்னிரண்டு பேர் துணிப்பை வெட்டித் தைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே எதுவோ குறைகிறது என்று ஆபிரகாமுக்குத் தோன்றியது; என்ன என்று பிடிபடவில்லை. பிறகு ஒரு பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள். சத்தமே வரவில்லை. குனிந்து பார்த்தார். நான்கு காலுக்கும் பழைய டென்னிஸ் பந்தை வெட்டி மாட்டியிருந்தார்கள். டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் பல்பு போட்டிருந்தது. காலிங் பெல் கிடையாது; வாசலில் ஒரு கயிறு, இழுத்தால் உள்ளே ஒரு சிவப்புத் துணி ஆடும்.

மையத்தை நடத்தும் ஸ்வாதி மேடம் சின்ன வயதுப் பெண். "நமக்கு ஓரமாப் போற சத்தம் அவங்களுக்கு நேரா வந்து மோதும் சார்," என்றாள். "அவங்கள மாத்துறதுக்கு வருஷக்கணக்கா மல்லுக்கட்டுறதவிட, நாற்காலிய மாத்துறது சுலபம். அவ்ளோதான் இங்க பண்ணியிருக்கோம்."

ஜாய்ஸ் போன அன்றே ஒரு மூலையில் உட்கார்ந்து, தைத்த பைகளை இஸ்திரி போட்டாள். மடிப்பு ஓரத்தை விரலால் நீவிவிட்டு, அடுத்த பையை எடுத்தாள். சாயங்காலம் கிளம்பலாம் என்றபோது, "நாளைக்கு?" என்று கேட்டாள். தன் வயிற்றில் பிறந்தவள் நாளையைப் பற்றிப் பேசி ரெபேக்காள் அதற்குமுன் கேட்டதில்லை. ஆபிரகாம் அன்றைக்கு வீட்டில் அதைச் சொன்னபோது அவள் அடுப்பைப் பார்த்தபடியே திரும்பாமல் நின்றாள்.

மையம் சரியாக அமைந்துவிட்டது. மையத்துக்குப் போகிற வழிதான் ஜானகிராமன் பஸ் சர்வீஸ்.

அரசு பஸ்ஸில் பாட்டு கிடையாது. ஆனால் காலை நேரத்தில் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்துதான் நிற்க வேண்டும். யார் மேலே பட்டாலும் ஜாய்ஸுக்குத் தோல் எரிகிற மாதிரி. தினம் ஆட்டோ வைக்கிற தூரமும் இல்லை. அப்பா கண்டக்டராக இருக்கிற வண்டியில் அப்பா பிடித்துவைக்கிற சீட்டு என்பது அவளுக்குக் கிடைத்த ஒரே வழி. அந்த வழியில் ஆறு ஸ்பீக்கர் இருந்தன.

மையத்திலிருந்து திரும்பிய அந்த மாலைக்குப் பிறகு ஆபிரகாம் தன் வண்டியை முதல்முறையாகக் காதால் கேட்டார். இருபது வருஷம் ஓடிய வண்டி. ஜன்னல் ஷட்டர்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன. ஏர் ஹார்ன் நெஞ்சுக்குள் இறங்கியது. தன் வாயிலிருக்கும் விசில் பக்கத்தில் நிற்பவர் காதில் எப்படி விழும் என்று அவர் யோசித்ததே இல்லை.

சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி ஷட்டர் இடுக்குகளில் செருகினார். சாமி படங்களுக்கு ஏற்றும் ஊதுபத்தியை, வண்டி ஷெட்டில் நிற்கும்போதே ஏற்றி அணைத்துவிடச் சொன்னார். விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, படியில் நின்றபடி கையைத் தூக்கிக் காட்டினார்.

"விசில் ஊதாத கண்டக்டர நான் எங்கியும் பாத்தது இல்ல அண்ணாத்த," என்றான் டிரைவர் மணி. "கண்ணாடியவே பாத்துகினு எப்பிடி ஓட்றது?"

"தெனம் அந்தக் கண்ணாடில காலேஜ் பொண்ணுங்களத்தான பாத்துகினு ஓட்ற. எம் மூஞ்சியயும் கொஞ்சம் பாரு."

"அத்த பாத்தா வண்டி ஓடாது. நின்னுக்கும்."

ஏர் ஹார்னையும் மணி விட்டுக்கொடுத்தான். ஜாய்ஸை அவனுக்குக் குழந்தையிலிருந்து தெரியும். பாட்டு மட்டும் அவன் கையில் இல்லை. அதற்கு முதலாளியைக் கேட்க வேண்டும். ஆபிரகாம் கேட்டார்; இரண்டு தரம் கேட்டார். முதலாளி உலகநாதன் அவரைவிட ஏழெட்டு வயது சின்னவர். நாலு ஏக்கர் நெல் வயலை விற்று அப்பா ஜானகிராமன் வாங்கிய ஒரு பஸ்ஸை மூன்றாக ஆக்கியவர். முதல் தரம் போனில் பேசிக்கொண்டே கையை ஆட்டினார். இரண்டாம் தரம் சிரித்தார்.

"பாட்டு இல்லாத வண்டில எவன்யா ஏறுவான் ஆபிரகாமு? சாவு வூட்டு வண்டியா இது?"

*

பன்னீர்செல்வம் ஒயரைச் சேர்த்த மறுநாள் காலை, ஆபிரகாம் அதை இன்னும் உள்ளே தள்ளிப் பிடுங்கி வைத்திருந்தார். பன்னீர்செல்வம் ஏறினான், காதைத் தீட்டினான், பைக்குள் கைவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடினான். அந்த நேரத்தில்தான் பூக்கூடையோடு ஏறும் செங்கம்மாள் குரல் கொடுத்தாள்.

"இன்னா ஆபிரகாமு, இன்னிக்கும் பாட்டக் காணோம். பெரியவரு கீறாரா, பூட்டாரா?"

பெரியவர் என்றால் ஜானகிராமன். டிரைவர் தலைக்கு மேலே முருகனுக்கும் அங்காளம்மனுக்கும் பக்கத்தில் அவர் படம் மாட்டியிருக்கிறது. ஒரு வருஷமாகச் சிங்கப்பெருமாள் கோயில் வீட்டில் கைகால் விழுந்து படுத்திருக்கிறார் என்பது அந்தத் தடத்தில் எல்லோருக்கும் தெரியும். இன்றோ நாளையோ என்று பேச்சு வந்து வந்து அடங்கியிருந்தது.

ஆபிரகாம் தலையைக் குனிந்துகொண்டு ஒரு டிக்கெட்டைக் கிழித்தார்.

அது போதுமாக இருந்தது. செங்கம்மாள் 'ச்சு' கொட்டினாள். பன்னீர்செல்வத்தின் கை பைக்குள்ளிருந்து வெறுமனே வெளியே வந்தது. பின்னால் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவன் சத்தத்தைக் குறைத்தான். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருப்பவர், "நல்ல மனுஷன். மொத பஸ்ஸு விட்ட அன்னிக்கு எல்லாருக்கும் கற்கண்டு குடுத்தாரு," என்றார்.

"போஸ்டர் ஒண்ணும் கண்ல படலியே," என்று யாரோ கேட்டார்கள்.

"சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒட்டிகீது," என்றார் ஆபிரகாம்.

அவர் வாயால் சொன்ன பொய் அது ஒன்றுதான். மிச்சத்தைப் பயணிகளே சொல்லிக்கொண்டார்கள். பதினாறாம் நாள் காரியம் வரை பாட்டு வராது என்றார்கள். அது கடந்த பிறகு, உலகநாதன் அப்பா மேல் உயிரையே வைத்திருந்தவர், ஒரு வருஷத்துக்குப் பாட்டு போடமாட்டாராம் என்றார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று ஆச்சரியப்பட்டார்கள். உலகநாதனின் மற்ற இரண்டு வண்டிகளும் வேடந்தாங்கல், மதுராந்தகம் பக்கம் ஓடுகிறவை. அங்கே பாட்டு அலறுவது இந்தத் தடத்தில் யாருக்கும் தெரியாது.

"உசுரோட கீற ஆள சாவடிச்சிட்டியே அண்ணாத்த," என்றான் மணி, செங்கல்பட்டில் டீ குடிக்கும்போது.

"நான் ஒண்ணும் சொல்லல."

"தலைய தொங்கப் போட்டியே. இதுக்கு மேல ஒண்ணு சொல்லணுமா? பெரியவரு படத்துக்குக் கீழ குந்திகினு நான்தான ஓட்றேன்."

ஆனால் ஜாய்ஸ் காதிலிருந்து கையை எடுத்திருந்தாள். முதலில் ஒரு கை. சில நாள் கழித்து இன்னொன்று. மழை பெய்த ஒரு காலையில், "நைனா, டயரு சத்தம் நல்லா கீது," என்றாள். அவளுக்குச் சத்தமே ஆகாது என்று அத்தனை வருஷம் நினைத்திருந்த ஆபிரகாம், படியில் நின்று ஈரத் தார்ச்சாலையில் டயர் உருளும் சத்தத்தைக் கேட்டார். நன்றாகத்தான் இருந்தது. மையத்தில் அவள் இப்போது மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று ஸ்வாதி மேடம் போன் செய்து சொன்னாள். இஸ்திரி மேசையும் அதன் நாற்காலியும் 'ஜாய்ஸ் இடம்' ஆகிவிட்டது.

வண்டியிலும் ஏதோ மாறியிருந்தது. குமாஸ்தா தூங்கினார். கல்பாக்கத்திலிருந்து வந்து மாறி ஏறும் இரண்டு பெண்கள் கத்தாமல் பேசிக்கொண்டார்கள். "பாட்டு இல்லாதது ஒரு நிம்மதியாத்தான் கீது, சொல்லக் கூடாது," என்று செங்கம்மாளே ஒருநாள் சொன்னாள். செத்தவருக்காக இருக்கும் அமைதியில் சுகம் கண்டதற்காக உடனே கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

ரெபேக்காள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஒரு உசுரு மேல பொய் சொல்லிட்டு ஞாயித்துக்கெழம எப்பிடி திருவிருந்துல கை நீட்டுற?"

"அந்த மனுசன் நூறு வயசு இருக்கட்டும்னு தெனம் ஜெபம் பண்ணிகினுதான் கீறேன்."

"பண்ணா? பொய் நெசமாயிடுமா?"

"ஆவ வேணாம்னுதான் பண்றேன்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை மகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்து, தலைவாரி, அந்த வண்டியில்தான் ஏற்றிவிட்டாள்.

*

ஆடி அமாவாசை அன்று செங்கம்மாள் கூடையில் ஒரு தனி மாலை இருந்தது. செத்தவர்களுக்குப் படைக்கிற நாள். ஏறியதும் நேரே முன்னால் போனாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எக்கி, ஜானகிராமன் படத்துக்கு மாலையைப் போட்டாள். நெற்றியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள்.

"இருவது வருசமா இவரு வண்டில கூடைக்கு லக்கேஜ் வாங்கனது இல்ல. ஒரு மால கூடப் போடலன்னா நான் மனுசியா?" என்றாள் பொதுவாக.

மணி கண்ணாடியில் ஆபிரகாமைப் பார்த்தான். ஆபிரகாம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். செங்கல்பட்டில் எல்லோரும் இறங்கியதும் கழற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு.

செங்கல்பட்டு பஸ் நிலையத்தில், வண்டி நிற்கும் இடத்திலேயே, உலகநாதன் நின்றுகொண்டிருந்தார். வண்டிக்கு எஃப்.சி. சான்று வாங்கும் வேலையாக வந்தவர், டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தார்.

முதலில் இறங்கிய குமாஸ்தா, உலகநாதனைப் பார்த்ததும் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பெரியவர் போனதுக்கு வர முடியல தம்பி. தப்பா எடுத்துக்கக் கூடாது."

உலகநாதனுக்கு முதலில் புரியவில்லை. பின்னாலேயே இறங்கிய செங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எங்களுக்கெல்லாம் அப்பா மாதிரி," என்றாள். உலகநாதன் நிமிர்ந்து வண்டிக்குள் பார்த்தார். கண்ணாடி வழியே மாலையும் பொட்டுமாகப் படம் தெரிந்தது.

அந்த முகத்தை ஆபிரகாம் பார்த்தார். ரத்தம் முழுதும் இறங்கிப்போன முகம். வீட்டில் நடந்துவிட்டது, ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார். போனை எடுத்து இரண்டு முறை தப்பாக அழுத்தினார். மறுமுனையில் யாரிடமோ, "அப்பாகிட்ட குடு. பேச முடியாட்டியும் பரவால்ல, காதுல வை," என்றார். பிறகு, "அப்பா," என்றார். குழறலாக ஏதோ ஒரு சத்தம் வந்தது. "ஒண்ணுமில்லப்பா. நாஸ்தா துன்னியா? ஒண்ணுமில்ல. வரேன்."

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் ஆபிரகாம் தான் செய்ததற்கு உண்மையாகவே வருந்தினார். காலில் விழச் சொல்லியிருந்தால் விழுந்திருப்பார்.

"யாரு சொன்னது?" என்றார் உலகநாதன்.

எல்லோரும் ஆபிரகாமைப் பார்த்தார்கள்.

"எம் பொண்ணுக்கு பாட்டு சத்தம் தாங்காது மொதலாளி," என்றார் ஆபிரகாம். "ஆட்டிசம்னு ஒரு இது. அதுக்கோசரம்தான் செட்ட நிறுத்தனேன். அவங்க அப்பிடி கேட்டாங்க. நான் இல்லன்னு சொல்லல. அதான் தப்பு. பெரியவர நான் ஒண்ணும்—"

உலகநாதன் கை ஓங்கவில்லை, கத்தவும் இல்லை. பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்.

"சாவு சேதி சொல்றது உங்க ஆளுங்க பரம்பரையா செஞ்ச வேலதான் ஆபிரகாமு. ஆனா உங்க தாத்தன்லாம், செத்தப்புறம்தான் வந்து சொல்வாங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆபிரகாமின் தாத்தா அந்த வேலையைச் செய்தவர்தான். பெரிய வீட்டில் சாவு விழுந்தால், சொந்தக்காரர் ஊர்களுக்கு நடந்துபோய், வாசலுக்கு வெளியே நின்று, கை கட்டிச் சொல்லிவிட்டு, மரக்கால் நெல் வாங்கி வந்தவர். அந்த வாசலை விட்டு வெகுதூரம் வந்துவிட்டதாக ஆபிரகாம் நினைத்திருந்தார். காக்கிச் சட்டை, தோள்பை, இருபது வருஷம். எத்தனை தூரம் வந்தார் என்று அந்தச் சிரிப்பு அளந்து காட்டிவிட்டது.

"உசுரோட கீறவருக்கு எங்கையால மால போட வெச்சிட்டியே, நீ வெளங்குவியா," என்றாள் செங்கம்மாள்.

"பொண்ணுக்கு முடியலன்னா வூட்ல வெச்சிக்கணும் அண்ணாத்த. ஒருத்திக்கோசரம் மொத்த வண்டியும் ஊமையாவணுமா?" என்றான் பன்னீர்செல்வம். இத்தனை நாள் ஊமை வண்டியில்தான் அவனும் வந்தான்.

கல்பாக்கத்துப் பெண்களில் ஒருத்தி, "பாட்டு இல்லாம நல்லாத்தான இருந்துச்சு," என்று மெதுவாகச் சொன்னாள். அவள் தோழி அவளை இடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

உலகநாதன் தானே ஏறி மாலையைக் கழற்றினார். கைக்குட்டையால் பொட்டைத் துடைத்தார். "நாளைலேந்து வேடந்தாங்கல் வண்டிக்குப் போ," என்றார் ஆபிரகாமைப் பார்க்காமல். "மணி, செட்டப் போடு."

"ஒயரு வுட்டுகீது மொதலாளி," என்றான் மணி.

"நான் போடறேன்," என்று பன்னீர்செல்வம் ஏறினான்.

ஜாய்ஸ் இன்னும் வண்டிக்குள்ளேயே இருந்தாள். ஆட்கள் இறங்கி முடித்த பிறகுதான் அவள் இறங்குவாள். அதற்குள் பாட்டு வந்தது, முன்பு வைத்திருந்த அளவிலேயே, முழுச் சத்தத்தில். அவள் கீழே சரிந்து இரண்டு சீட்டுக்கு நடுவில் சுருண்டாள். ஆபிரகாம் தூக்கப் போனபோது அவள் கை வீசியதில் அவர் உதடு கிழிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இது ஏதோ பேய்க் கோளாறு என்று ஒருவர் சொன்னார். மகளைத் தோளில் சாய்த்து இறக்கும்போது ஆபிரகாம் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

*

ரெபேக்காள் முயன்று பார்த்தாள். வேலைக்குத் தாமதமாக வருகிறேன் என்று கெஞ்சிவிட்டு, மகளோடு அதே வண்டியில் போனாள். காதில் பஞ்சு வைத்தாள். ஸ்வாதி மேடம் கொடுத்த பெரிய ஹெட்போனை மாட்டினாள். ஜாய்ஸ் அதைக் கழற்றிப் போட்டாள்.

"சத்தம் காதுல வரல. கால்ல வருது," என்றாள். ஸ்பீக்கர் சீட்டுக்கு அடியில் இருந்தது. இரண்டு நாள் வாந்தி எடுத்தாள். பிறகு காலையில் எழுந்திருக்கவில்லை.

ஆபிரகாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டை மாற்றிக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போனார். இந்த முறை நேராகவே கேட்டார். காலையில் ஒரு ட்ரிப், சாயங்காலம் ஒரு ட்ரிப், மூன்றாவது வரிசைக்கு அடியில் இருக்கும் ஸ்பீக்கரையாவது நிறுத்தினால் போதும் என்றார். உலகநாதன் நாற்காலி போட்டார். கோபம் தணிந்திருந்தது.

"மொதல்லியே இப்பிடி வந்து கேட்டிருந்தா செஞ்சிருப்பேன்யா. நான் இன்னா மனுஷன் இல்லியா?"

கேட்டேனே என்று ஆபிரகாம் சொல்லவில்லை. இரண்டு தரம் கேட்டதை எடுத்துச் சொல்ல நாக்கு வரை வந்தது. சொன்னால் முதலாளியைப் பொய்யர் என்று சொன்னதாகும். பொய்யர் என்ற பெயர் ஏற்கெனவே இங்கே ஒருவருக்கு இருந்தது.

"இப்ப எப்பிடி நிறுத்தறது?" என்றார் உலகநாதன். "பாட்ட நிறுத்தனா அந்த வண்டில ஏறறவன் ஒவ்வொருத்தனும் எங்கப்பா செத்துட்டாருன்னு நெனப்பான். நீதான் அப்பிடி பண்ணி வெச்சிட்ட. அவரு உள்ள படுத்துகினு கீறாரு ஆபிரகாமு. என்னால முடியாது."

உள்ளே அறையிலிருந்து பெரியவர் முனகும் சத்தம் கேட்டது. ஆபிரகாம் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார்.

திரும்பி வரும்போது அவர் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். அன்றைக்கு செங்கம்மாளிடம் தலையைக் குனியாமல், இது என் மகளுக்காக என்று சொல்லியிருந்தால் வண்டி என்ன செய்திருக்கும்? பன்னீர்செல்வம் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டிருப்பானா? போட்டிருப்பான் என்று ஒரு சமயம் தோன்றியது. அப்போது தப்பு முழுக்கத் தன்னுடையது. போட்டிருக்க மாட்டான் என்று தோன்றியபோது தப்பு யாருடையது என்று தெரியவில்லை. எப்படிப் பார்த்தாலும் ஜாய்ஸ் வீட்டில்தான் இருந்தாள்.

ஸ்வாதி மேடம் முடிந்தவரை இடத்தை வைத்திருந்தாள். ஐப்பசியில் போன் செய்து, "வெயிட்டிங்ல ஒரு பையன் இருக்கான் சார், அவங்க வீட்டுலயும் கஷ்டம்," என்றாள். ஆபிரகாம், "சேத்துக்கோங்க மேடம்," என்றார். இதைப் போய் மகளிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் தள்ளிப்போட்டார். சொன்னபோது ஜாய்ஸ், "இஸ்திரிப் பொட்டி சூடு ரெண்டுல வெக்கணும். அவனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர்கள் வீடு சாலைக்குப் பக்கம். காலையில் வண்டி வருவதற்கு முன்னால் பாட்டு வரும். அந்த நேரத்தில் ஜாய்ஸ் பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். வண்டி கடந்த பிறகு வருவாள்.

*

மார்கழியில் ஜானகிராமன் இறந்துபோனார். இந்த முறை மாமல்லபுரம் வரை போஸ்டர் ஒட்டியிருந்தது. அடக்கத்தன்று மூன்று வண்டியும் ஓடவில்லை. ஆபிரகாம் போயிருந்தார். மேளமும் வெடியுமாகத் தெருவே அதிர்ந்தது. நாற்காலிகளை எடுத்துப் போட்டார், மடக்கினார். உலகநாதன் அழுது வீங்கிய முகத்தோடு, "வந்துட்டியா," என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று ஆபிரகாமால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் வேடந்தாங்கல் வண்டி ஒர்க் ஷாப்பில் இருந்தது. ஆபிரகாம் வீட்டில் இருந்தார். காலையில் ஜாய்ஸ் தொட்டிக்குப் பின்னால் போகவில்லை. வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். தூரத்தில் பாட்டு இல்லை. உள்ளே போய், மையத்துக்குப் போட்டுப்போகும் நீலச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"ஜாய்ஸு, அங்க இப்ப நம்ம இடம் இல்லம்மா," என்றாள் ரெபேக்காள்.

"தெரியும். வண்டி வருது."

ரெபேக்காள் கணவனைப் பார்த்தாள். ஆபிரகாம் செருப்பை மாட்டிக்கொண்டு மகளுக்குப் பின்னால் போனார்.

வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. மணி கண்ணாடியில் பார்த்துத் தலையை அசைத்தான். மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் இருந்தவர், ஜாய்ஸ் நின்ற நிலையைப் பார்த்து, ஏதோ தோன்றி நகர்ந்துகொண்டார். புதுக் கண்டக்டருக்கு இவர்களைத் தெரியாது. "எங்க?" என்றான்.

"செங்கல்பட்டு ரெண்டு. திரும்பி வர்றதுக்கும் உன் வண்டிதான்," என்றார் ஆபிரகாம்.

"இந்த தடவ நெசமாத்தான ஆபிரகாமு?" என்று பின்னாலிருந்து பன்னீர்செல்வம் கேட்டான். வண்டி சிரித்தது. செங்கம்மாள், "சும்மா கெட, சாவு வூட்டு வண்டி," என்று அதட்டினாள். சிரிப்பு அடங்கியது. எல்லோரும் மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். போன்கள் ஊமையாயின. புதுக் கண்டக்டர் விசிலைக்கூட மெதுவாக ஊதினான்.

ஜாய்ஸ் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். ஏரித் தண்ணீர் வந்தது, போனது. வல்லிபுரம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"நைனா, மறுபடி பாட்டு போடுவாங்களா?"

"காரியம் முடிஞ்சா போடுவாங்க."

அவள் அதை யோசித்தாள். அவளுக்குத் தணிந்து பேசத் தெரியாது.

"அதுக்கப்புறம் யாரு சாவாங்க?"

முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். செங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். யாரோ, "அந்த வாயக் கொஞ்சம் மூடுங்க," என்றார்கள்.

ஆபிரகாம் மகளின் வாயைப் பொத்தவில்லை. நேற்று உலகநாதன் வீட்டில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது, உள்ளே மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெரியவரின் மனைவியை அவரும் அதே கேள்வியோடு ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தார்.